மில்ங்காவி என்று ஓர் ஊர் இல்லை

இணைய வரைபடங்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் வெளிநாட்டு ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதிவரும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். நான் கிளாஸ்கோவில் வசிப்பவன். போன வைகாசியில் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அவருக்கு நடப்பதென்றால் உயிர். இங்கே வடக்குப் புறநகர் ஒன்றில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகும் நடைபாதை ஒன்று இருக்கிறது. வெஸ்ட் ஹைலண்ட் வே என்று பெயர். முழுசும் வேண்டாம், முதல் நாலு மைல் மட்டும் நடந்துவிட்டு வருகிறேன் என்றார். எனக்கு அன்றைக்கு வேலை. ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்குங்கள் என்று சொல்லி, தமிழில் இருந்த ஒரு வரைபடப் பக்கத்தை அவர் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தேன். அதில் ஊரின் பெயர் 'மில்ங்காவி' என்று இருந்தது.

தூரப்பார்வைக் கண்ணாடியை என் வீட்டு மேசையிலேயே மறந்துவிட்டுப் போன மனிதர், குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தின் கீழ்த்தளத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒலிபெருக்கி 'மல்காய்' என்றது. ஒரு வண்டி வந்து போயிற்று. அரை மணி கழித்து மறுபடியும் மல்காய். அதுவும் போயிற்று. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாவிடம் 'மில்ங்காவி?' என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். "ஓ... மல்காய்!"

அந்த 'மில்ங்காவி' உங்களில் யார் கைவண்ணம் என்று எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கவும் இல்லை. பகல் வேலையை முடித்துவிட்டு, சம்பளம் வாங்காமல், ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதுகிறவர்கள் நீங்கள். சண்டை பிடிக்க இந்தக் கடிதம் இல்லை. சரிபார்க்காமல் அனுப்பிவைத்த தப்பு என் பேரிலும் இருக்கிறது. ஆனால் இது ஒரு ஊரோடு நிற்கிற சங்கதி இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்கு ஒன்பது எழுத்து. எம், ஐ, எல், என், ஜி, ஏ, வி, ஐ, ஈ. அதில் என்-னும் வி-யும் வாயைத் திறப்பதே இல்லை. முதல் அசையைப் பலர் 'மல்' என்கிறார்கள், சிலர் 'மில்' என்கிறார்கள், இரண்டும் காதில் விழும். இரண்டாவது அசையில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அழுத்தம் முழுக்க அதில்தான்.

தமிழில் எப்படி எழுதுவது? எனக்கு முதலில் தோன்றியது 'மல்கை'. 'பல்கலை' என்கிற சொல்லில் ல்-க்குப் பின்னால் வருகிற க மெலிந்துதானே ஒலிக்கிறது, அதே மாதிரி இதுவும் தானாகச் சரியாக வந்துவிடும் என்று நினைத்தேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். "ஐகாரக் குறுக்கம் மறந்துபோச்சா? மல்லிகை, வாழ்க்கை, எங்கே கடைசி ஐயை முழுசாச் சொல்லு பார்ப்போம். ஒரு மாத்திரைக்கு மேலே போகாது. இவங்க அந்த இடத்திலேதான் சம்மட்டியால அடிக்கிறாங்க. காய்னு போடு." சரி, மல்காய். கத்தரிக்காய், வாழைக்காய் வரிசையில் ஸ்காட்லாந்து ஊர் ஒன்று. கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி எழுதியதைப் படித்துக் கேட்டிருந்தால் அவர் முதல் வண்டியிலேயே ஏறியிருப்பார்.

இத்தனை எழுத்து ஏன், இத்தனை மௌனம் ஏன் என்பதற்கு அந்த நிலையத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஆங்கில வடிவத்துக்குக் கீழே இன்னொரு பெயர் எழுதியிருப்பார்கள். அது ஸ்காட்லாந்தின் பழைய மொழியில். அந்த மொழியின் பெயரையே நாம் 'கேலிக்' என்று எழுதுகிறோம். இங்கே உள்ளவர்கள் தங்கள் மொழியை அப்படிச் சொல்வதில்லை, 'காலிக்' என்பது போல முதல் அசையைச் சொல்கிறார்கள். ஒன்றில் கேலி, மற்றதில் காலி. தமிழில் இரண்டுமே வம்புதான். நான் அவர்கள் வாயில் வருகிறபடி காலிக் என்றே எழுதுகிறேன்.

பலகையில் உள்ள காலிக் பெயரைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய 'முலியன் காய்' என்று வரும். முலியன் என்றால் மாவு அரைக்கிற ஆலை. அதில் சந்தேகமே இல்லை. காலிக்கிலிருந்து வேறான, ஆங்கிலத்துக்கு உறவான பழைய ஸ்காட்ஸ் மொழியிலும் ஆலைக்கு 'மில்ன்' என்று எழுதி, கடைசி ன்-னை விழுங்கிவிட்டு 'மில்' என்றே சொல்வார்கள். மில்ன் என்ற குடும்பப்பெயரைக்கூட 'மில்' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆக, அந்த ஊமை ன் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

'காய்' தான் தகராறு. அதற்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். காற்றாலை என்பது ஒன்று, ஏனென்றால் காலிக்கில் காற்றைக் குறிக்கும் சொல்லும் இதே மாதிரி ஜி-யில் தொடங்குகிறது. கேவின் என்பவருடைய ஆலை என்பது இன்னொன்று. டேவிட்டின் ஆலை என்பது மூன்றாவது. ஊருக்கு நடுவே அலண்டர் என்ற சிற்றாற்றின் கரையில் 'கேவின்ஸ் மில்' என்ற பெயரில் ஒரு பழைய ஆலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டாவதை நம்பிவிடுவார்கள். ஆனால் கட்டடத்தின் பெயரிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததா, ஊர்ப்பெயரைக் கேட்டுக் கட்டடத்துக்குப் பெயர் வைத்தார்களா என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

என் சாய்வு டேவிட் பக்கம். காரணம் இது. காலிக்கில் 'இன்னாருடைய' என்று சொல்லும்போது ஆணின் பெயரில் முதல் மெய் மெலிந்துவிடும். டேவிட்டைக் குறிக்கும் 'டாய்வி' என்ற வடிவம் அப்போது 'காய்வி' போல ஆகும். இதில் வரும் க, 'கல்'லில் வருகிற வல்லின க அல்ல. 'அகம்', 'மகன்' என்று நாம் சாதாரணமாகப் பேசும்போது தொண்டையில் உரசிக்கொண்டு வருமே, அந்த க. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவருக்கு அது வராது, நமக்குப் பயிற்சியே வேண்டாம். இப்போது முலியன் காய்வி என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒளிந்திருக்கிற வி-யும் கிடைக்கிறது, வாயில் வருகிற காயும் கிடைக்கிறது. காற்றாலை விளக்கத்தில் அந்த வி-க்கு இடமில்லை. தவிர, ஆற்றுத் தண்ணீரிலேயே ஆலை ஓட்டின ஊருக்குக் காற்றாலை என்று பெயர் வந்திருக்குமா என்றும் இடிக்கிறது. இது என் கணிப்புத்தான். உங்கள் பக்கத்தில் இதை முடிந்த முடிவாக எழுதிவிட வேண்டாம். மூன்றையும் எழுதுங்கள்.

நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? எழும்பூர் எக்மோர் ஆயிற்று, திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆயிற்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி ஆணை வெளியிட்டதும், புதிய எழுத்துக்கூட்டைப் பார்த்து ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டதும், சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். வேறொரு மொழிக்காரன் ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து எழும்பூரை 'எக்மோரே' என்று தன் மொழியில் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? மல்காய்க்காரர்களுக்கு நாம் செய்திருப்பது அதேதான். காலிக் பெயர் ஸ்காட்ஸ் எழுத்தர்கள் கையில் ஒருமுறை நசுங்கியது. அந்த நசுங்கலை நாம் தமிழில் எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்துவிட்டோம்.

இனி நிலையத்தின் கதை. உங்கள் பக்கத்தில் இரண்டே வரி இருக்கிறது, அதற்குமேல் எழுத நிறைய உண்டு.

கிளாஸ்கோவிலிருந்து வடமேற்கே ஹெலன்ஸ்பரா போகும் பாதையிலிருந்து பிரிந்து, மூன்று மைல் சொச்சம் போய் முட்டி நிற்கிற கிளைப்பாதை இது. 1863-ல் திறந்தார்கள். ஒரு சின்ன கம்பெனி போட்ட பாதை, பத்து வருஷத்தில் நார்த் பிரிட்டிஷ் ரயில்வே அதை விழுங்கிவிட்டது. அப்போது மல்காய், அலண்டர் தண்ணீரை நம்பித் துணி வெளுக்கிற பட்டறைகளும் காகித ஆலையும் இருந்த ஊர். பக்கத்து மேட்டில்தான் மக்டாக் நீர்த்தேக்கம். கேட்ரின் ஏரியிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்து கிளாஸ்கோவுக்குக் கொடுத்த அந்தப் பெரிய வேலையை 1859-ல் விக்டோரியா மகாராணி வந்து தொடக்கிவைத்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது கேட்ரின் தண்ணீர்தான். ரயில் வந்த பிறகு ஊரின் முகமே மாறிற்று. காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் வீடு கட்டிக் குடிவந்தார்கள்.

இதே பாதையில் இரண்டு நிலையம் முன்னால் பேர்ஸ்டென். இதையும் உங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மன்றாடிக் கேட்கிறேன், ஏனென்றால் இங்கே கதை தலைகீழ். ஊர் நிலையத்துக்குப் பெயர் தரவில்லை, நிலையம்தான் ஊருக்குப் பெயர் தந்தது. அதுவரை அந்த இடம் நியூ கில்பாட்ரிக், சுருக்கமாக நியூ கர்க். அதாவது புதுக்கோயில். ரயில்காரர்கள் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டின் பெயரை எடுத்து நிலையத்துக்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள். பயணச்சீட்டில் பேர்ஸ்டென், பலகையில் பேர்ஸ்டென், பிறகு மக்கள் வாயிலும் பேர்ஸ்டென். புதுக்கோயில் போன இடம் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் பார்த்தால் இது கரடிக் குகை என்று பொருள்படும். தயவுசெய்து யாரும் அப்படி மொழிபெயர்த்து வைத்துவிடாதீர்கள். கரடி வந்த கதை எதையும் நான் கேட்டதில்லை. வந்தது சுறா. 1981-ல் ஸ்டேன் வுட் என்ற புதைபடிவத் தேடலாளர் இங்கே ஓர் ஓடைப் படுகையில் ஏறக்குறைய 33 கோடி ஆண்டுப் பழமையான சுறா ஒன்றின் முழு உருவத்தைக் கண்டெடுத்தார். அந்தச் சுறாவுக்கும் இன்று பேர்ஸ்டென் சுறா என்றுதான் பெயர். யாரோ ஒருவர் வீட்டுக்கு வைத்த பெயர், ரயில் நிலையம் வழியாக ஒரு சுறா வரைக்கும் போயிருக்கிறது.

மல்காய்க்குத் திரும்புகிறேன். 1930 ஜூலையில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ரயில் தடத்துக்கு மேலேயே இரும்புத் தூண்கள் நட்டு, ஜார்ஜ் பென்னி என்ற கிளாஸ்கோக்காரர் 'ரெயில்பிளேன்' என்ற ஒன்றை ஓட்டிக் காட்டினார். மேலே ஒற்றைத் தண்டவாளம். அதிலிருந்து தொங்குகிற, சுருட்டு மாதிரி ஒரு பெட்டி. முன்னும் பின்னும் விமானத்துக்கு இருக்கிற மாதிரி சுழலும் விசிறி. மணிக்கு 120 மைல் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் சோதனைத் தடத்தின் நீளம் 130 மீட்டர்தான். 120 மைல் வேகத்துக்கு அது மூன்று நொடி தூரம் கூட வராது. பத்திரிகைக்காரர்களும் பெரிய மனிதர்களும் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பணம் போட ஆள் வரவில்லை. 1937-ல் பென்னி திவாலானார். கட்டுமானம் மட்டும் 1956 வரை வெயிலிலும் மழையிலும், இந்த ஊர்க் கணக்கில் பெரும்பாலும் மழையில், துருப்பிடித்து நின்றது. பிறகு பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் பென்னியும் போய்ச் சேர்ந்தார். வேலைக்குப் போகிறவர்கள் கால் நூற்றாண்டு காலம் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பென்னியின் எதிர்காலம் வரவில்லை, மின்சாரம் வந்தது. 1960 நவம்பரில் நீராவி வண்டிகளை எடுத்துவிட்டு நீல வண்ண மின்ரயில்களை விட்டார்கள். ஊரே கொண்டாடியது. ஆறு வாரம் தாங்கவில்லை. வண்டிகளில் இருந்த மின்மாற்றிகள் வெடிக்க ஆரம்பிக்கவே, டிசம்பரில் மொத்தத்தையும் நிறுத்திவிட்டுப் பழையபடி நீராவிக்குத் திரும்பினார்கள். கோளாறைச் சரிசெய்து நீல ரயில்கள் மீண்டும் ஓடியது 1961 அக்டோபரில். அப்புறம் அவை 2002 வரை ஓடின. இங்கே வயதானவர்கள் இன்னும் 'ப்ளூ ட்ரெயின்' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் குழையும்.

பெயர்க் கதைகளில் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு கிளாஸ்கோவில் கிளைடு ஆற்றுக்குத் தென்புறம் இருக்கிற இன்னொரு நிலையத்தைச் சொல்லி முடிக்கிறேன். கிராஸ்மைலூஃப், 1888-ல் திறந்தது. 'லூஃப்' என்றால் ஸ்காட்ஸ் மொழியில் உள்ளங்கை. ஆகவே பெயரை அப்படியே பிரித்தால் 'என் உள்ளங்கைச் சிலுவை' என்று வருகிறது. இதற்கு ஒரு தலபுராணம் உண்டு. 1568 மே 13-ஆம் தேதி, பக்கத்து லாங்சைட் குன்றில், ஸ்காட்லாந்து அரசி மேரியின் படைக்கும் அவருடைய தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த அண்ணன் மரே பிரபுவின் படைக்கும் சண்டை. மேரி லாக்லெவன் சிறையிலிருந்து தப்பிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. டம்பார்ட்டன் கோட்டைக்குப் போக வழியில்லை என்று உடனிருந்தவர்கள் சொன்னபோது, கையில் வைத்திருந்த சிலுவையைக் காட்டி, 'என் உள்ளங்கையில் இருக்கிற இந்தச் சிலுவை ஆணையாகப் போயே தீருவேன்' என்றாராம். அந்த இடம்தான் கிராஸ்மைலூஃப் ஆயிற்றாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் ராமர் தாகத்துக்குத் தண்ணீர் குடித்த இடம், பாண்டவர் தூங்கின இடம் என்று சொல்வது போலத்தான். மேரி சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் மேடு கேத்கார்ட் கோட்டைப் பக்கம், குன்றின் அந்தப் புறம். சண்டை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தோற்ற அரசி டம்பார்ட்டனுக்குப் போகவும் இல்லை. தெற்கே ஓடி, மூன்றாம் நாள் படகேறி இங்கிலாந்துக்குப் போய்ச் சிக்கிக்கொண்டார். நிலையப் பலகையில் உள்ள காலிக் பெயரோ வேறு கதை சொல்கிறது. 'கிரோஷ் மோ-லியூவ' என்பது போல அதைப் படிக்க வேண்டும். லியூவ என்ற பழைய கிறித்தவத் துறவியின் சிலுவை. 'மோ' என்றால் 'என்' தான், ஆனால் அது துறவிகள் பெயருக்கு முன்னால் அன்பாகச் சேர்க்கிற 'என்'. நாம் 'எம்பெருமான்' என்கிறோமே, அந்த மாதிரி. காலிக் மறந்துபோன ஜனங்கள் காதில் விழுந்ததைத் தங்கள் மொழியில் பொருள்படுத்திக்கொண்டார்கள். பிறகு அந்தப் பொருளுக்கு ஒரு அரசியைத் தேடிப் பிடித்தார்கள். சிலுவை தப்பவில்லை, துறவிதான் உள்ளங்கையாகிவிட்டார்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தலைப்பில் மல்காய் என்று மாற்றுங்கள். பழைய மில்ங்காவியை அழிக்க வேண்டாம், ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தேடுகிறவருக்கு அதுவும் ஒரு வாசல், உள்ளே வந்ததும் சரியான பெயருக்குக் கொண்டுபோய் விட்டால் போதும். இரண்டாவது வரியில் காலிக் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். பெயர்க் காரணம் எழுதும்போது 'என்பது ஐதீகம்' என்பதையும் 'என்பது மொழியியலாளர் கருத்து' என்பதையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். அடுத்த ஊருக்கு, அந்த ஊர் ரயில் அறிவிப்பை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு எழுதுங்கள். இப்போது அதற்கெல்லாம் ஒலிப்பதிவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்காட்லாந்து நிலையங்களில் சந்தேகம் என்றால் எனக்கு எழுதுங்கள், வண்டி ஏறிப் போய்க் கேட்டுவந்து சொல்கிறேன். எனக்கும் அது ஒரு சாக்கு.

சித்தப்பா மூன்றாவது வண்டியில் ஏறினார். கடைசி நிலையத்தில் இறங்கி, சாலைக்கு அடியில் போகிற சுரங்க நடைவழியைத் தாண்டி, கடைத்தெருவில் நடைபாதையின் தொடக்கத்தைக் காட்டும் கல்தூணைக் கண்டுபிடித்து, முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினார். காலையில் அவரும் மல்கை என்றுதான் எழுதியிருக்கிறார். 'மல்கை வந்தாச்சு' என்று அவர் தட்டியதை அவருடைய கைப்பேசி திருத்தி, 'மல்லிகை வந்தாச்சு' என்று எனக்கு அனுப்பியது. அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு, சித்தி வேறு வந்திறங்கிவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். சித்தி பெயர் மல்லிகா. மாலையில் அவர் அவ்வளவு உறுதியாகக் காய் என்று போடு என்றதற்கு ஐகாரக் குறுக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

அன்புடன்,
கிளாஸ்கோவிலிருந்து உங்கள் வாசகன் ஒருவன்